புதுப்பிப்பு: நெரிசலில் மட்டும் சூடேறிய என்ஜின், காரணம் தெரிந்தது

நெடுஞ்சாலையில் ஓடும்போது சரியாக இருக்கும் வெப்பமானி முள், வண்டி நெரிசலில் நின்றதும் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது என்றும், ஏசியைப் போட்டால் மட்டும் ரேடியேட்டர் விசிறி சுழல்கிறது என்றும் முன்பு எழுதியிருந்தேன்.

குற்றவாளி, ரேடியேட்டரின் அடிப்பகுதியில் திருகப்பட்டிருக்கும் வெப்ப சுவிட்ச். என்ஜினைக் குளிர்விக்கும் திரவம் அளவுக்கு மேல் சூடானதும் விசிறியை ஓடவைப்பது இதுதான். வேகமாகச் செல்லும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நின்றவுடன் அந்த வேலை முழுவதும் விசிறியின் தலையில் விழுகிறது. ஏசி போட்டால் அது சுழன்றதால் மோட்டார் பழுதில்லை என்பது உறுதியானது. சுவிட்சின் இணைப்பைக் கழற்றியபோது முனைகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. அதைச் சுரண்டியும் பயனில்லை. கழற்றிய இணைப்பின் இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்ததும் விசிறி உடனே சுழன்றது. (கணினி கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், அங்கே இருப்பது சுவிட்ச் அல்ல, வெப்பநிலையைக் கணினிக்குத் தெரிவிக்கும் சென்சார்.) சுவிட்சை மாற்றியபின் முள் நடுவிலேயே நிற்கிறது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொன்னவர்களுக்கு ஒரு வார்த்தை: பெரும்பாலும் 80 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குள் திறந்து திரவத்தை ரேடியேட்டருக்கு விடும் அந்த வால்வை எடுத்துவிட்டால் என்ஜின் சூடாகத் தாமதமாகி எரிபொருள்தான் வீணாகுமே தவிர, ஓடாத விசிறி ஓடப்போவதில்லை.

சூடான நிலையில் ரேடியேட்டர் மூடியை யாரும் திறக்க வேண்டாம். அழுத்தத்தால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் திரவம், மூடி தளர்ந்த கணமே பொங்கிப் பீறிடும்.