சி.டி.சி. இயந்திரத்தின் மூடி: நிர்வாகத்தின் கடமை எதுவரை?

கேள்வி – கோத்தகிரி மேற்பார்வையாளர்

வணக்கம். சிறு விவசாயிகளிடம் பச்சைத்தேயிலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. இயந்திரத்தில் இலை அடைத்துக்கொண்டால், மூடியைக் கழற்றிவிட்டு, ரோலர் சுற்றும்போதே கையால் தள்ளிவிடுகிறார்கள். மூடியைத் திறந்தவுடன் மோட்டார் நிற்கும்படி சுவிட்ச் பொருத்தக் கேட்டேன். "நியாயமான அளவில் நடைமுறைக்கு இயன்ற வரை பாதுகாப்பு அளித்தால் போதும் என்றே சட்டம் சொல்கிறது, இன்றைய தேயிலை விலையில் நமக்கு இயன்றது எச்சரிக்கைப் பலகைதான்" என்கிறது நிர்வாகம். சலிக்கும் பகுதியின் தூசிக்கும் இதே பதில். இது சரியா?

பதில் 1 – குன்னூர் வழக்கறிஞர்

சரியல்ல ஐயா. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவிலும், 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பின் 6ஆம் பிரிவிலும் அந்தச் சொற்கள் இருப்பது உண்மைதான். ஆனால் அவற்றை அளக்கும் முறையை, 1949இல், ஒரு சுரங்கத் தொழிலாளியின் மரணம் பற்றிய எட்வர்ட்ஸ் வழக்கில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் விளக்கியிருக்கிறது: ஒரு பக்கம் ஆபத்து, மறுபக்கம் அதைத் தவிர்க்கத் தேவையான பணமும் நேரமும் உழைப்பும், ஆபத்தோடு ஒப்பிட இந்தச் செலவு அளவுக்கு மிக மிஞ்சியதாக இருந்தால்தான் விலக்கு, அதையும் முதலாளியே நிரூபிக்க வேண்டும். இந்த ஆண்டு லாபமா நட்டமா என்பது அந்தத் தராசில் ஏறுவதே இல்லை.

மூடி விஷயத்தில் 1948 சட்டம் தராசுக்கே வேலை வைக்கவில்லை. ஆபத்தான பாகங்கள் உறுதியான தடுப்பால் மூடப்பட்டிருக்க வேண்டும், அவை இயங்கும்போது தடுப்பு அதன் இடத்திலேயே இருக்க வேண்டும் என்ற அதன் 21ஆம் பிரிவின் கட்டளையில் 'இயன்ற வரை' என்ற தளர்வு இருந்ததில்லை.

பதில் 2 – தொழிற்சாலை உரிமையாளர், கூடலூர்

மூடியைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. தூசி உறிஞ்சும் அமைப்பை முழுக் கட்டடத்துக்கும் போடச் சொன்னால், சிறிய ஆலைகள் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

பதில் 3 – பராமரிப்பு ஃபிட்டர், குன்னூர்

இரண்டு ரோலர்களும் எதிரெதிராகச் சுற்றுபவை. ஒன்று மற்றதைவிடச் சுமார் பத்து மடங்கு வேகம். பல்லில் கையுறை நுனி பட்டாலே கை உள்ளே போய்விடும், இழுத்துக்கொள்ள நேரமிருக்காது. சுவிட்சை அணைத்த பிறகும் ரோலர் சற்று நேரம் ஓடும் என்பதால், அது முழுவதும் நிற்கும்வரை மூடி திறக்காதபடி பூட்டு அமைப்பதே முறை. அடைப்பை எடுப்பவரே மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும். இதற்கு ஒரு பூட்டின் விலைதான் ஆகும், ஆகவே இதை நாளைக்கே தொடங்கலாம்.

பதில் 4 – குன்னூர் வழக்கறிஞர்

உரிமையாளரின் கேள்வி நியாயமானது. செலவை எடைபோட வேண்டிய இடமும் அதுவே. ஆனால் 1948 சட்டத்தின் 14ஆம் பிரிவுகூட முழுக் கட்டடத்தையும் கேட்டதில்லை. தூசி கிளம்பும் இடத்துக்கு இயன்றவரை அருகில் உறிஞ்சும் வாயை வைத்து, அந்த இடத்தை மூடச் சொன்னது. சல்லடைகளிலிருந்து தொடங்கலாம். மேற்பார்வையாளர் ஐயா, உங்கள் கோரிக்கையைத் தேதியிட்டு எழுத்தில் கொடுத்து, நகலில் ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆபத்து தெரியாது என்று பிறகு நிர்வாகம் சொல்ல முடியாது.