வீட்டுக்கு நம்பகமான ரூட்டர் எது?

நண்பர்களே, எங்கள் வீட்டு வைஃபை ரூட்டர் ஒரு மாதமாகப் பாடாய்ப் படுத்துகிறது. திடீரென்று சிவப்பு விளக்கு எரியும். அணைத்துப் போட்டால்தான் இணைப்பு திரும்பும். நேற்று மகளின் இணையவழித் தேர்வு நடுவிலேயே அறுந்துவிட்டது. பாவம், அழுதுவிட்டாள்.

விலை குறைவாக, ஆனால் சில ஆண்டுகளாவது உழைக்கும் ரூட்டர் வேண்டும். கூடத்துக்கும் அவள் அறைக்கும் நடுவே இரண்டு கனத்த சுவர்கள். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது என்றாலும் சுவர் தாண்டும்போது சட்டென்று வலுவிழக்கிறது; எனவே 2.4-உம் சேர்ந்தே இருக்க வேண்டும். எங்கள் இணைப்பின் வேகம் 200 மெகாபிட். மலிவான சிலவற்றில் கேபிள் செருகும் போர்ட் 100-ஐத் தாண்டாது, அவை வேண்டாம். நான்கைந்து கருவிகளுக்கு வைஃபை 6 என்ற புதிய தலைமுறை ரூட்டர் அவசியமா?

ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தியவர்கள் மாடல் பெயரோடு சொல்லுங்கள். பாதுகாப்பு அப்டேட் ஒழுங்காக வருகிறதா என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.