ரிஜிட் டைட்டானியம் 29: முதல் ஓட்டத்தில் தெரிவது ஃப்ரேமா, டயரா?

கல்தடம்:
29 அங்குலச் சக்கரமுள்ள மலைச் சைக்கிளில் முதல் ஓட்டம் 22 கி.மீ. பாதி ஜல்லி ரோடு, மீதி வேரும் கல்லுமான ஒற்றையடிப் பாதை. ஃப்ரேம் 3 சதவீதம் அலுமினியம், 2.5 சதவீதம் வனேடியம் கலந்த டைட்டானியம். முன்னால் 490 மி.மீ. நீளமுள்ள, சஸ்பென்ஷன் இல்லாத கார்பன் ரிஜிட் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை). 29x2.6 ட்யூப்லெஸ் டயர், உள்ளகலம் 30 மி.மீ. ரிம், 27.2 மி.மீ. விட்டமுள்ள அலுமினிய சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்). ஓட்டுபவர் எடை 72 கிலோ. காற்று முன்னால் 22, பின்னால் 24 பிஎஸ்ஐ.

ஜல்லியில் பின்பக்கம் அவ்வளவு மெத்தென்று போகிறது. டைட்டானியம் அதிர்வைக் குடித்துவிடுகிறது என்று சொல்வது உண்மைதான். ஆனால் கல் படிகளில் இறங்கும்போது மணிக்கட்டு வலிக்கிறது, பெடலும் இரண்டு இடத்தில் கல்லில் தட்டியது.

ஸ்போக்:
அண்ணா, "டைட்டானியம் குடிச்சிடுது"ன்னு முதல் நாளே தீர்ப்பு எழுதாதீங்க. அந்த டயர் ஒரு கல்லுல ஏறும்போது சென்டிமீட்டர் கணக்குல அமுங்கும். முக்கோண ஃப்ரேம் மேலும் கீழுமா 1 மி.மீ. வளைஞ்சாலே பெரிசு. ரெண்டு ஸ்பிரிங்கை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி அழுத்தினா எது அமுங்கும்? மெத்துனு இருக்கறதுதான். உங்களுக்குப் பின்னாடி கிடைச்ச சுகம் டயரும், வெளியே நீட்டி நிக்கிற 27.2 போஸ்ட்டும் குடுத்தது.

உலோகக் கணக்கையும் பாருங்க. டைட்டானியத்தோட விறைப்பு ஸ்டீல்ல கிட்டத்தட்ட பாதி. ஆனா குழாயோட விறைப்பு விட்டத்தோட மும்மடிக்கு (விட்டம் x விட்டம் x விட்டம்) ஏத்தபடி கூடும். சுவர் தடிமன் ஒண்ணா இருந்தா, 35 மி.மீ. ஸ்டீல் குழாயும் 44 மி.மீ. டைட்டானியம் குழாயும் ஏறக்குறைய ஒரே விறைப்புதான். ஃப்ரேம் எப்படி ஓடும்னு முடிவு பண்றது குழாயைத் தேர்ந்தெடுத்தவர், உலோகத்தோட பேரு இல்ல.

கொண்டைஊசி:
கணக்கு சரி, முடிவு சரியில்லை. நீங்கள் மேல்-கீழ் வளைவை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். சீட்டை விட்டு எழுந்து ஏற்றத்தில் மிதிக்கும்போது சீட் போஸ்ட்டுக்கு வேலையே இல்லை. அப்போது பாட்டம் பிராக்கெட் (பெடல்களின் நடு அச்சு உட்காரும் இடம்) பக்கவாட்டில் போய் வருவது காலில் தெரியும். அது ஃப்ரேம்தான். திருப்பத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கிறதா, இழுக்கிறதா என்பதும் அப்படியே. முதல் ஓட்டத்திலேயே இதை எடைபோட முடியும், போட வேண்டும்.

பெடல் தட்டியதற்கு வருவோம். ஜியாமெட்ரி அட்டவணை எந்த ஃபோர்க் நீளத்துக்குப் போட்டது என்று பாருங்கள். 120 மி.மீ. அமுங்கக்கூடிய சஸ்பென்ஷன் ஃபோர்க்குக்கு, அதாவது அமுங்காத நிலையில் 515 மி.மீ. நீளத்துக்குப் போட்டிருந்தால், 490 வைத்ததும் ஹெட் ஆங்கிள் (ஹேண்டில்பார் தண்டின் சாய்வு) ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செங்குத்தாகும். பாட்டம் பிராக்கெட் 9 மி.மீ. கீழே வரும். கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) நீளம் 175 மி.மீ. என்றால் 170 அல்லது 165 போடுங்கள். சஸ்பென்ஷன் ஃபோர்க்கும் ஆள் ஏறியதும் 25 மி.மீ. இறங்கத்தான் செய்யும், ஆனால் பிரேக் பிடித்தால் அது இன்னும் மூக்கைக் குத்தும், ரிஜிட் குத்தாது. செங்குத்து இறக்கத்தில் கோணம் மாறாமல் இருப்பது பெரிய நிம்மதி. இதை யாருமே எழுதுவதில்லை.

ஸ்போக்:
எழுந்து மிதிக்கறப்போ தெரியுதுங்கறதை ஒத்துக்கறேன். ஆனா 24 பிஎஸ்ஐ வச்சுக்கிட்டு எதையுமே எடைபோட முடியாது. இந்த எடைக்கும் டயருக்கும் முன்னாடி 16, பின்னாடி 18ல ஆரம்பிக்கணும். தரைப் பம்போட மீட்டர் 20க்குக் கீழ நம்பற மாதிரி இருக்காது. தனி டிஜிட்டல் கேஜ் வேணும். ஒரே 400 மீட்டர் துண்டு, ஒரே வேகம், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மூணு தடவை. ஒவ்வொரு சுத்துலயும் 1 பிஎஸ்ஐ மட்டும் குறைங்க. கல்லுல ரிம் "டக்"னு இடிச்சாலோ, திருப்பத்துல டயர் பக்கவாட்டுல மடிஞ்சாலோ 1 ஏத்திட்டு நிறுத்துங்க. சீலன்ட் (ஓட்டையை அடைக்கிற திரவம்) ஒரு டயருக்கு 100 மி.லி.க்குக் குறைய வேண்டாம்.

மணிக்கட்டுக்கு அடுத்தது ஹேண்டில்பார். பின்பக்கமா 8 டிகிரி வளைஞ்ச பாருக்குப் பதிலா 16 டிகிரி போட்டாலே மணிக்கட்டு நேராகும். சைக்கிள் வடிவமைப்பாளர் ஜெஃப் ஜோன்ஸோட எச்-பார்ங்கற ஹேண்டில்பார் 45 டிகிரி. ரிஜிட் சைக்கிளை மனசுல வச்சே அவர் வரைஞ்சது.

கொண்டைஊசி:
இதில் சண்டையில்லை. ஆனால் ரிஜிட் என்றாலே வலி என்ற முடிவுக்குப் போகவேண்டாம். கனடாவிலிருந்து மெக்சிகோ எல்லை வரை 4,000 கி.மீ.க்கு மேல் போகும் கிரேட் டிவைட் பாதையில் ரிஜிட் ஃபோர்க்கோடு போகிறவர்கள் நிறைய. சீல் இல்லை, எண்ணெய் இல்லை, ஃபோர்க் காலிலேயே தண்ணீர் பாட்டிலை மாட்டலாம்.

ஸ்போக்:
அந்தப் பாதையில வரிவரியா மேடு விழுந்த மண் ரோடுதான் கையை மரத்துப்போக வைக்கிறது. அங்க 100 மி.மீ. அமுங்கற சஸ்பென்ஷன் ஃபோர்க் போட்டு வர்றவங்களும் குறைவில்ல. அவங்க தெரியாம போடல.

ஆர்கான்:
நீங்கள் இருவரும் டயரைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் கல்தடம் இதைச் செய்துவிடட்டும். சீட் போஸ்ட்டைக் கழற்றி, செல்போன் டார்ச்சைக் குழாய்க்குள் அடித்து, மேல்குழாய் சேரும் இடத்து வெல்டிங்கின் உள்முகத்தைப் பாருங்கள். சூடான டைட்டானியம் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் இழுத்துக்கொண்டு நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். அதனால்தான் வெல்டிங் செய்யும்போது குழாய்க்கு உள்ளேயும் ஆர்கான் வாயு ஓடவேண்டும். வெள்ளி நிறமோ வெளிர் வைக்கோல் நிறமோ நல்லது. நீலம், ஊதா என்றால் சந்தேகம். சாம்பல் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் ஓட்டாதீர்கள், விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள். வெளிப்புறத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி நிறத்தை மறைத்துவிடலாம். உள்ளே மறைப்பது கடினம்.

போஸ்ட்டைத் திரும்பச் செருகும்போது சாதாரண கிரீஸ் போதாது, ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவுங்கள். அலுமினியமும் டைட்டானியமும் வியர்வையில் நனைந்தால் அலுமினியம் அரித்து, போஸ்ட் குழாயோடு இறுகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடையுங்கள். கார்பன் போஸ்ட் என்றால் மட்டும் ஆன்டி-சீஸ் வேண்டாம், கார்பன் பேஸ்ட். பாட்டம் பிராக்கெட் மரைக்கும் ஆன்டி-சீஸ்தான். அங்கிருந்து வரும் "டிக் டிக்" சத்தத்தை ஃப்ரேம் விரிசல் என்று நினைத்துப் பயப்படுவார்கள், முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள்.

கல்தடம்:
மூன்றையும் பார்த்தாயிற்று. உள் வெல்டிங் வைக்கோல் நிறம், ஒரு இடத்தில் மட்டும் விரல் நக அளவுக்குக் கொஞ்சம் அடர்த்தி. காற்று 15க்கு வந்ததும் முன் டயர் மடிந்தது, 16/18இல் நிறுத்தினேன். கல் படிகளில் அடி பாதியாகத் தெரிகிறது. ஜல்லியில் பின்பக்கம் முன்பைவிட மெத்தென்று இருக்கிறது, அதாவது முதலில் நான் ஃப்ரேமுக்குக் கொடுத்த பெயரில் பெரும்பங்கு டயருக்குப் போகவேண்டியது. எழுந்து மிதித்தால் கீழே ஆடுவது மட்டும் எந்தக் காற்றிலும் அப்படியே இருக்கிறது. கிராங்க் 175தான், 165 தேடுகிறேன்.

ஆர்கான்:
அந்த அடர்ந்த இடத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். டார்ச் வெளிச்சத்தில் நிறம் சரியாகத் தெரியாமல் போகலாம்.