நம்ம குடும்பம்: பெரியம்மாவின் கறுப்பு உருண்டை

சனிக்கிழமை

*சித்தப்பா, காலை 7:12*
(பகிரப்பட்டது) எலும்புப்புரை (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்) உள்ளவர்கள் சீன மூலிகை மருந்து சாப்பிட்டால் எலும்பு முறிவு குறைகிறது! தைவான் ஆய்வில் தகவல்!
அண்ணிக்கு உதவும் என்று போட்டேன்.

*பெரியம்மா, 7:20*
தம்பி, மூன்று வாரமாக அதைத்தான் சாப்பிடுகிறேன். என்னோடு நடக்க வருகிற அம்மா கொடுத்தார். இரண்டே நாளில் முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. எலும்புக்கு டாக்டர் கொடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை மாத்திரையைக்கூட நிறுத்திவிட்டேன்.

*அத்தை, 7:23*
அண்ணி, எனக்கும் ஒரு டப்பா வாங்கிக் கொடுங்கள். இவருக்கும் முழங்கால் வலிதான்.

*நான், 7:31*
அத்தை, கொஞ்சம் பொறுங்கள். பெரியம்மா, டப்பாவை நாலு பக்கமும் போட்டோ எடுத்துப் போடுங்கள்.

*அக்கா, 7:44*
(படம்)
நான் எடுத்தேன். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு உருண்டை. டப்பா முழுக்கச் சீன எழுத்து. மேலே ஒட்டியிருக்கும் தாளில் "காலை 6, இரவு 6" என்று பேனாவால் எழுதியிருக்கிறது. பேட்ச் எண், காலாவதி தேதி எதையும் காணோம்.

*நான், 7:52*
பெரியம்மா, இரண்டே நாளில் வலி போனது என்றீர்களே, எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. மூலிகை பொதுவாக அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. இப்படி விற்கிற வலி உருண்டைகளில் டெக்ஸாமெத்தசோன், ப்ரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டை ரகசியமாகக் கலந்திருப்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் பலமுறை பிடித்திருக்கின்றன. சிங்கப்பூரில் இதற்கு எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். ஸ்டீராய்டு வலியை உடனே அடக்கும், ஆனால் எலும்பை அரிக்கும். சாப்பிடத் தொடங்கிய சில மாதங்களிலேயே முறிவு அபாயம் ஏறிவிடும்.

ஸ்டீராய்டு உள்ளே போயிருந்தால் அதிலும் தெரியும்: தூக்கம், பசி எல்லாம் எப்படி இருக்கிறது?

*பெரியம்மா, 7:58*
பசி நன்றாக எடுக்கிறது. தூக்கம்தான் இல்லை, மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறேன்.

*அக்கா, 8:01*
முகமும் கொஞ்சம் உப்பியிருக்கிறது. உடம்பு தேறியிருக்கிறாள் என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

*சித்தப்பா, 8:06*
அப்படியானால் தைவான் ஆய்வு பொய்யா? அரசாங்கக் கணக்கு என்று போட்டிருக்கிறார்களே.

*நான், 8:19*
பொய் இல்லை சித்தப்பா. தைவானில் 1995 முதல் எல்லோருக்கும் அரசுக் காப்பீடு உண்டு. சீன மருத்துவரிடம் போனாலும் அதில் செல்லும். அதனால் யார் என்ன மருந்து வாங்கினார், யாருக்கு எப்போது எலும்பு முறிந்தது என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், மூலிகை சாப்பிட்டவர்களுக்கு முறிவு குறைவாக இருந்ததாக வந்திருக்கிறது.

ஆனால் இந்த மாதிரிக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. ஆறு மாதம் மூலிகை சாப்பிட்டவரைத்தான் "சாப்பிட்டவர்" என்று எண்ணுகிறோம் என்று வையுங்கள். மூன்றாம் மாதமே விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவர் எந்தப் பக்கம் போவார்? "சாப்பிடாதவர்" பக்கம். கணக்கு அங்கேயே சாய்ந்துவிடும். அப்புறம், மாதாமாதம் மருத்துவரைத் தேடிப் போகிறவர் தம் உடம்பைக் கவனிக்கிறவராகவும் நடக்க முடிகிறவராகவும் இருப்பார். முறிவு குறைந்தது மருந்தாலா, அந்தக் கவனத்தாலா?

இன்னொன்று. அங்கே காப்பீட்டில் தருவது, உரிமம் பெற்ற மருத்துவர் எழுதி, தரச்சான்று பெற்ற தொழிற்சாலை செய்த மருந்து. பேட்ச் எண் இல்லாத இந்த டப்பாவுக்கு அந்த ஆய்வு சாட்சி சொல்லாது.

*அத்தை, 8:24*
அப்போ சீன மருத்துவமே தப்பு என்கிறாயா?

*நான், 8:33*
இல்லை அத்தை, எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. சிறுநீரகம்தான் எலும்பை ஆள்கிறது என்பது அவர்கள் மரபு. கு சுய் பூ என்று ஒரு கிழங்கு, பெயருக்கே நொறுங்கிய எலும்பைச் சரிசெய்வது என்று பொருள். யின் யாங் ஹுவோ என்ற இலையின் சத்தை, மாதவிடாய் நின்று பல வருடமான பெண்களுக்கு இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007இல் வந்தது. எலும்பு அடர்த்தி குறைவது தணிந்தது. ஆனால் அடர்த்தி வேறு, முறிவு வேறு.

மாமாவுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். அவர் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். தான்ஷென் என்ற சீன வேர் அதோடு சேர்ந்தால் ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துப்போகும். இந்த உருண்டையில் எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

*அத்தை, 8:35*
ஐயோ, வேண்டாம்.

*பெரியம்மா, 8:41*
சரி, இன்றே தூக்கிப் போட்டுவிடுகிறேன்.

*நான், 8:42*
தூக்கிப் போடாதீர்கள் பெரியம்மா! மூன்று வாரம் ஸ்டீராய்டு உள்ளே போயிருந்தால், உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், வாந்தி, மயக்கம் வரலாம். எப்படி நிறுத்துவது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அக்கா, இன்றே அழைத்துப் போ, டப்பாவோடு.

*நான், 8:50*
இன்னொன்றும் சொல்ல வேண்டும். வலி போனதால் எலும்பு பலமாகிவிட்டது என்று நினைத்துவிட்டீர்கள். உங்கள் முழங்காலில் இருப்பது மூட்டுத் தேய்மானம். அது வலிக்கும். எலும்புப்புரை முறிகிறவரை வலிக்காது. போன வருடம் மணிக்கட்டு முறிவதற்கு முதல் நாள்வரை உங்களுக்கு ஏதாவது தெரிந்ததா? ஸ்கேனில் எலும்பு அடர்த்தியைக் காட்டும் டி-ஸ்கோர் -2.8. -2.5க்குக் கீழே போனாலே எலும்புப்புரைதான். அந்த ஞாயிற்றுக்கிழமை மாத்திரை, அலென்ட்ரோனேட், முதுகெலும்பு முறிவைப் பாதியளவு குறைக்கும் என்று சரியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

*பெரியம்மா, 8:57*
வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீர், அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதையும் வாயில் போடக் கூடாது. விடிகாலையில் தனியாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது அலுத்துவிட்டது கண்ணு. அதனால்தான் விட்டேன்.

*சித்தப்பா, 9:02*
அண்ணி, மன்னியுங்கள். அந்தச் செய்தியை நீக்குகிறேன். இன்னும் இரண்டு குழுக்களில் போட்டிருக்கிறேன், அங்கேயும் எடுத்துவிடுகிறேன்.

*அக்கா, மாலை 6:15*
பார்த்துவிட்டு வந்தோம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறியிருக்கின்றன. கார்டிசால், அதாவது உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டு, எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், காலையில் ரத்தம் எடுக்க வேண்டுமாம். டப்பாவை அவரே வைத்துக்கொண்டார். உருண்டைக்குப் பதிலாக வேறு மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை நாளைக்கே மறுபடி தொடங்க வேண்டுமாம்.

*பெரியம்மா, 6:40*
கண்ணு, நாளைக் காலை ஆறு மணிக்குப் போன் செய். அரை மணி நேரம் நீ பேசிக்கொண்டிரு, நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.

*நான், 6:41*
5:58க்கே அடிப்பேன் பெரியம்மா. தண்ணீரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.