மறு: 0.5-க்கு முன்னால் நிற்கும் சுழிக்கு என்ன பெயர்?

> 0.5-இன் முதல் சுழிக்கு 'முன்னிலைப் பூச்சியம்', 1.0-இன் கடைசிச் சுழிக்குப் 'பின்னிலைப் பூச்சியம்' என்றே வைத்துவிடலாமே, நேரடியாக இருக்கிறது.

நேரடியாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்னிலை என்றதும் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு நீ, நீர், நீங்கள்தான் ஞாபகம் வரும். தன்மைப் பூச்சியமும் படர்க்கைப் பூச்சியமும் எங்கே என்று ஒரு மாணவன் கேட்டால் பதில் இல்லை. அடுத்து வந்த 'தலைச்சுழி' கேட்க நன்றாக இருந்தாலும் அது உச்சந்தலையில் இருக்கிற சமாச்சாரம். எனக்கு இரண்டு இருக்கிறது, அதற்காகச் சின்ன வயதில் வாங்கிய பேச்சே போதும்.

நான் சொல்ல வந்தது 'காவல் சுழி'. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் எண்ணின் மதிப்பு மாறாது, புள்ளி தொலையாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அக்காவின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல், பாராசிட்டமால் சொட்டு மருந்து, மி.லி.க்கு 100 மி.கி. உள்ளது. சீட்டில் ".5 மி.லி." என்று எழுதியிருந்தது. புள்ளி சரியாக மடிப்பில் விழுந்திருக்கிறது, அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தும் ஐந்து என்றுதான் தெரிந்தது. ஐந்து மி.லி. என்றால் 500 மி.கி., பெரியவர்கள் போடும் ஒரு முழு மாத்திரை அளவு! நல்லவேளை, டப்பாவோடு வந்த சொட்டுக்குழாய் 1 மி.லி.தான் பிடிக்கும். "இதால அஞ்சு தடவை உறிஞ்சணுமா?" என்று அம்மா கேட்கப்போய்த்தான் அக்கா சீட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். பாலாடையில் ஊற்றிக் கொடுக்கிற பழக்கம் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

> 0.5% என்றால் மி.லி.க்கு 0.5 மி.கி. தானே, எதற்கு இவ்வளவு பேச்சு?

இல்லை ஐயா, 5 மி.கி. ஆகும். மருந்துக் கரைசல்களில் 1% என்று போட்டால் 100 மி.லி.யில் 1 கிராம், அதாவது மி.லி.க்கு 10 மி.கி. ஆகும். கிருமிநாசினியில் போடுகிற 70% ஆல்கஹால் வழக்கமாகக் கன அளவுக்குக் கன அளவு, அதாவது 100 மி.லி.யில் 70 மி.லி. சதவீதம் என்ற சொல் எதில் எது என்று சொல்வதே இல்லை. 'நிறை–கன அளவுச் சதவீதம்' என்று விரிக்கலாம்தான், ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்பது இலங்கையில் திணிவு, இங்கே எடை என்பது அங்கே நிறை, அந்தச் சண்டையை இந்த இழையில் இழுக்க வேண்டாம். இதற்குப் புதுச்சொல்லே தேவையில்லை என்பது என் கட்சி. "100 மி.லி.யில் இத்தனை கிராம்" என்று விரித்து எழுதிவிட்டால் முடிந்தது.

காவல் சுழி சதவீதத்திலும் வேண்டும். குழந்தைகளின் கிட்டப்பார்வைக்குத் தருகிற அட்ரோபின் கண் சொட்டு 0.01%. அதை ".01%" என்று எழுதிப் புள்ளி போய்விட்டால் மிஞ்சுவது 01%, அதாவது 1%. அப்படி ஒரு மருந்து இல்லை என்று கடைக்காரர் திருப்பி அனுப்பவும் மாட்டார், ஏனென்றால் 1% அட்ரோபினும் நிஜமாகவே விற்கிறது. நூறு மடங்கு.

சரி, 1.0-இன் கடைசியில் வருகிற சுழி? மருந்துச் சீட்டில் அது ஆபத்து, புள்ளி மங்கினால் 10. அதனால் முதலில் 'வெட்டிச் சுழி' என்று எழுதி வைத்திருந்தேன். அப்புறம் ஆய்வகத்துக்காரர்கள் அடிக்க வருவார்கள் என்று தோன்றியது. அவர்களுக்கு 1.0 மி.லி. என்றால் பத்தில் ஒரு பங்குவரை அளந்தேன் என்று பொருள், முக்கிய எண்ணுருக்களில் அந்தச் சுழிக்கும் கணக்கு உண்டு. ஒரு இடத்தில் வெட்டியாகவும் இன்னொரு இடத்தில் வேலைக்காரனாகவும் இருப்பதற்குத் திட்டுப் பெயர் வைக்கக் கூடாது. 'வால் சுழி' போதும்.

'காவற்சுழி' என்று புணர்த்தி எழுத வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அகராதியில் அப்படியே போடுங்கள். ஆனால் மருந்துக் கடையில் நின்று வாயால் சொல்லும்போது காவல் சுழி என்றுதான் வரும்.