புதுப்பிப்பு: சிக்கிக்கொண்ட முன் டிக்கி திறந்துவிட்டது

என் மின்சாரக் காரின் முன் டிக்கி (பானெட்டுக்கு அடியில் இருக்கும் சாமான் அறை) திறக்கவில்லை என்றும், பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்ற ஓசை மட்டுமே கேட்கிறது என்றும் சென்ற வாரம் எழுதியிருந்தேன். விளக்குகளுக்கும் பூட்டுக்கும் மின்சாரம் தரும் சிறிய 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கும் என்று பலர் சொன்னீர்கள். ஆனால் விளக்குகளும் திரையும் மங்காமல் எரிந்ததால் எனக்குப் பூட்டின் மீதே ஐயம் இருந்தது.

நேற்றுக் காலை, திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலில், தம்பி பானெட்டின் முன்விளிம்பைப் பூட்டுக்கு நேர் மேலே இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடித்திருக்க, நான் உள்ளே அமர்ந்து பொத்தானை அழுத்தினேன்; மூன்றாம் முறை, கொக்கியின் மேலிருந்த இழுப்பு தளர்ந்து, மூடி விரலளவு எழும்பியது. கம்பியை விட்டு நெம்பியிருந்தால் பெயின்ட் போயிருக்கும், நல்லவேளை அதைச் செய்யவில்லை.

பூட்டின் நாக்கில் செம்பழுப்புத் துருவும், பழைய கிரீஸில் ஒட்டிக் களிம்பாக இறுகிய மணலும் படிந்திருந்தன. உப்புக் காற்றும், எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் சேர்ந்து செய்த வேலை அது. பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துத் துடைத்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் தடவினேன். மூடியைச் சாத்துவதற்கு முன், ஸ்க்ரூடிரைவரால் நாக்கைத் தள்ளிப் பூட்டி, பொத்தானால் விடுவித்துப் பார்த்தேன்; முதல் முறை பாதியில் நின்றது, மீண்டும் துடைத்த பின்னரே முழுதாக விடுபட்டது. உள்ளே மாட்டிக்கொண்டிருந்த பஞ்சர் கிட்டைப் பின் டிக்கிக்கு மாற்றிவிட்டேன்.