பாராதைராய்டு கோளாறும் எலும்புத் தேய்வும்: பிரண்டைப் பொடி, சங்கு பற்பம் கொடுக்கலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 61. ஐப்பசி அடைமழையில் முற்றத்தில் வழுக்கி, கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. இவ்வளவு லேசாக விழுந்ததற்கே முறிந்ததா என்று ஐயப்பட்ட மருத்துவர் எழுதிக்கொடுத்த பரிசோதனைகளில், கால்சியம் 11.4, பாராதைராய்டு ஹார்மோன் 132 (இரண்டும் அதிகம்), வைட்டமின் டி 14 (குறைவு) என வந்திருக்கின்றன; முன்கை எலும்பின் அடர்த்தியும் மிகக் குறைவு. பாராதைராய்டு சுரப்பியில் அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும் என்றதும் அம்மா கலங்கிப்போனார். எங்கள் அத்தையோ, பிரண்டைப் பொடியும், சங்கைச் சுட்டுப் பொடித்த சங்கு பற்பமும் மூன்று மாதம் சாப்பிட்டால் எலும்பு கட்டிவிடும் என்று வாங்கியே வந்துவிட்டார். கொடுக்கலாமா?

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், பாளையங்கோட்டை

தங்கையே, கால்சியமும் ஹார்மோனும் சேர்ந்து ஏறியிருப்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கழுத்திலுள்ள தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் பொதுவாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. இரத்தத்தில் கால்சியம் கூடினால் அவை அடங்க வேண்டும். அடங்காமல் சுரக்கின்றன என்றால், பெரும்பாலும் அவற்றில் ஒன்றில் புற்றுநோயல்லாத சிறு கட்டி உருவாகி, எலும்பிலுள்ள கால்சியத்தை ஓயாமல் இரத்தத்துக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கட்டியை எடுக்காமல் எலும்புக்கு மட்டும் ஊட்டம் கொடுப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதாகவே முடியும். வைட்டமின் டி குறைவால் ஹார்மோன் மட்டும் ஏறி, கால்சியம் சரியாகவோ தாழ்ந்தோ இருப்பவர்களின் நிலை வேறு. அவர்களுக்குக் குறையை நிரப்பினாலே சுரப்பி அடங்குவதுண்டு. அம்மா இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவற்றில் சில வகைகள் கால்சியத்தை ஏற்றும்.

பதில்: சித்த மருத்துவர், வீரவநல்லூர்

சங்கு பற்பத்தை உடனே நிறுத்துங்கள். சங்கு, பவளம், முத்துச்சிப்பி ஆகிய மூன்றுமே அடிப்படையில் கால்சியம்தான். ஏற்கெனவே மிகுந்திருப்பவருக்கு அதையே மருந்தாகக் கொடுப்பது முறையன்று. பிரண்டை எலும்பு முறிவுக்கு நம் மருத்துவத்தில் பேர்பெற்றதுதான். ஆனால் சுரப்பியில் உள்ள கட்டியை அது கரைக்காது. பொடியாக அளவின்றி விழுங்குவதை விட்டுவிட்டு, இளந்தண்டின் நாரை உரித்து நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, நாக்கு அரிக்காதபடி புளி கூட்டி அரைத்த துவையலாக எப்போதாவது சேர்த்துக்கொள்ளலாம். இந்த நோய் என்றதும் பாலையும் கேழ்வரகையும் அறவே நிறுத்திவிடுகிறார்கள், அதுவும் தவறு. உணவில் கால்சியம் மிகவும் குறைந்தால் சுரப்பி இன்னும் முடுக்கப்படும்.

பதில்: தென்காசி

என் அம்மாவுக்கும் இதே நோய்தான். வைட்டமின் டி குறைவைச் சரிசெய்ய, வாரம் ஒன்று என எழுதியிருந்த 60,000 யூனிட் மாத்திரையை நாங்கள் தினம் ஒன்றாகக் கொடுத்துவிட்டோம். பத்தாம் நாள் அட்டை காலியாகியிருந்தபோதுதான் விளங்கியது. அதற்குள் வாந்தியும் குழப்பமும் வந்து, அம்மாவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. வைட்டமின் டி தேவைதான், ஆனால் கால்சியத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டிய மருந்து அது. பின்னர் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் உதடும் விரல்நுனியும் மரத்துப்போவதாக அம்மா சொன்னார். கால்சியம் சட்டென்று இறங்குவதால் அப்படி ஆகுமாம். கால்சியம் மாத்திரையை அப்போதுதான் கொடுத்தார்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பற்பத்தை நிறுத்திவிட்டேன். சிறுநீரகத்தில் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்க வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். பொடி டப்பாவையும் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுகிறேன்.